ரொட்டிக்காரியின் ஆறுதல்

பேச ஆள் இல்லாத பெண் முதலில் டிவியோடு பேசுவாள். அடுத்து குக்கரோடு. (குக்கராவது விசில் அடித்துப் பதில் சொல்லும்.) அதுவும் போதாமல் போனால் கதை எழுத ஆரம்பிப்பாள். நான் எழுத்தாளர் ஆனது இப்படித்தான். தமிழுக்குத் தொண்டு செய்யும் எண்ணமெல்லாம் சத்தியமாகக் கிடையாது.

கல்யாணமாகி விருதுநகரிலிருந்து வால்டோர்ஃபுக்கு வந்த முதல் வருஷம் அது. கணவர் குமார் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். (ஜெர்மனியில் டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும் என்று அவர் இன்றுவரை ஆட்சேபிக்கிறார்.) என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் வார்த்தை 'ஹாலோ'. எதிர்வீட்டு அம்மாளிடம் அதைச் சொன்னால் பதிலுக்கு ஒரு பத்தி பேசுவார். நான் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிடுவேன். அதற்குப் பிறகு ஹாலோ சொல்வதையும் நிறுத்திவிட்டேன். சில நாள் என் குரலே எனக்கு மறந்துபோகும்.

துணைக்கு இருந்தது இணையத்தில் ஒரு தமிழ்க் குழுமம். தமிழ் எழுத்து பாதிக்குப் பாதி கட்டம் கட்டமாகத் தெரிகிற காலம். அங்கே ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. எதிர்காலத்தில் ஒரு கொடூரமான நகரம். எழுந்திருக்க, சாப்பிட, தூங்க, எல்லாவற்றுக்கும் சைரன். ஜனங்களை விரட்டிக்கொண்டே இருக்கிற அரசாங்கம், அதை எதிர்க்கிற அழகான கதாநாயகன். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. பிடித்தது, ஒரே ஒரு வரியில் வந்துபோன ரொட்டிக்காரியை. வரிசையில் நிற்பவர்களுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு "அடுத்தது" என்பாள். அவ்வளவுதான் அவள் வேலை. அதற்குப் பிறகு கதையை எழுதியவரே அவளை மறந்துவிட்டார். (மறந்துபோன ஆட்கள் மேல் அந்த வருஷம் எனக்குத் தனிப் பாசம்.) குழுமத்தில் அடுத்தவர் கதையின் ஆட்களை எடுத்துக் கிளைக்கதை எழுதுகிற வழக்கம் இருந்தது. நான் ரொட்டிக்காரியை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் என்ன பேசுவாள்? அதற்கு வழி ஸ்டுட்கார்ட்டில் கிடைத்தது. சனிக்கிழமைகளில் குமார் அங்கே நண்பர்களோடு கிரிக்கெட் விளையாடப் போவார். என்னை ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் இறக்கிவிடுவார். ஒருநாள் முருங்கைக்காயைக் கையில் எடுத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள், முருங்கைக்காய்க்குக்கூடத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு ஓடினேன். அங்கிருந்த சுகந்தி அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கையைக் காட்டிச் சொன்னார்:

"ஆறுதலா வாங்கோ, தங்கச்சி."

இந்த நாட்டில் நான் தனியாகக் கிடந்து சாவதை ஒரே ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார். ஆறுதலுக்கு வா என்கிறார். அதற்குப் பிறகு சனிக்கிழமைக்காகவே வாரம் முழுக்க உயிரோடு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா அதைச் சொல்வார். காரில் திரும்பும்போது குமார் ஸ்கோர் சொல்வார், நான் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு வருவேன்.

ரொட்டிக்காரிக்கு அந்த வாக்கியத்தையே கொடுத்தேன். சைரன் அலறுகிற ஊரில், வரிசையில் நடுங்கி நிற்பவர்களிடம் "ஆறுதலா வாங்கோ" என்றாள். குழுமம் தலைகீழாகிவிட்டது. கதாநாயகனைச் சிறையில் போட்டபோது ஏன் என்று கேட்க ஒரு நாதியில்லை. ரொட்டிக்காரிக்கு இருமல் என்று எழுதிய அன்றைக்கு, சென்னையிலிருந்து கஷாயம் சொல்லிக்கொடுத்தார்கள். குமாரிடம் சொன்னேன்.

"ஹீரோ யாரு?" என்றார்.

"ரொட்டிக்காரி."

"சூப்பர்மா. டின்னர்க்கு என்ன?"

ஜெர்மனியில் இருந்த வாசகர்கள் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சந்திப்பு வைத்தார்கள். கடைசி அத்தியாயத்தை நான் நேரில் வாசிக்க வேண்டும். ஏற்பாடு செய்தவர் வுப்பர்டாலிலிருந்து வந்த தேவன் அண்ணை. சுகந்தி அக்காவையும் கெஞ்சிக் கூப்பிட்டேன். அவர் கடையைப் பூட்டிவிட்டு ஒரு தட்டு நிறைய, காரக் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எல்லார் முன்னாலும் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும், அப்புறம் அவர் என் சிநேகிதி ஆகிவிடுவார். இதுதான் என் திட்டம். இலக்கியம் சும்மா சாக்கு.

வாசித்தேன். சிப்பாய்கள் ரொட்டிக்காரியைத் தூக்குமரத்துக்கு இழுத்துப் போகிறார்கள். கழுத்தில் கயிறு. ஜனங்கள் கதறுகிறார்கள். அவள் தலையை நிமிர்த்தி, கடைசியாகச் சொல்கிறாள்:

"எல்லாரும் ஆறுதலா வாங்கோ."

முன்வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். அழுகை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் உருக்கமாக அதே வரியைத் திரும்ப வாசித்தேன். மண்டபத்தில் பாதிப் பேர், ஈழத்தமிழர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மீதிப் பாதி, இந்தியத் தமிழர்கள், என்னைப் போலவே முழித்தார்கள்.

தேவன் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. எங்கட தமிழில ஆறுதலா எண்டா அவசரப்படாமல், மெதுவா. அவளின்ர கழுத்தில கயிறு கிடக்கு. அவள் சனத்தை, ஒரு அவசரமும் இல்லை, மெதுவா வாங்கோ எண்டுறாள்."

"அப்ப இவ்வளவு நாளும் உங்களுக்கு அவளை நிஜமாவே பிடிச்சுதா?" என்றேன்.

"ஓம். அந்த ஊரில எல்லாரும் சனத்தை ஓடு ஓடு எண்டு கலைக்கிறாங்கள். இவள் ஒருத்திதான் ஆறுதலா வா எண்டுறாள். நாங்கள் ஓடி வந்த ஆக்கள் எல்லோ. எங்களுக்கு அது பெரிய விசயம்."

அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று இப்போது புரிகிறது. அப்போது என் காதில் ஏறவில்லை. கதை போனால் போகட்டும், என் சனிக்கிழமைகள்? யோசித்துப் பார்த்தால், அரிசி மூட்டை இறக்குகிறவரிடமும் அக்கா அதையேதான் சொன்னார். சில்லறை தேடுகிறவரிடமும் அதையேதான் சொன்னார். எனக்கு மட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது, கடைக்கு வந்த எல்லாருக்கும் கிடைத்த சாமான். நன்றியுரையை விழுங்கிவிட்டு, மண்டபத்துச் சமையலறையில் போய் ஒளிந்துகொண்டேன்.

அக்கா ரோல்ஸ் தட்டோடு உள்ளே வந்தார்.

"முருங்கைக்காயை வெச்சுக்கிட்டு நான் அழுதேனே. உங்களுக்குத் தெரியவே தெரியாதா அக்கா?"

"நீங்கள் அழுதனீங்களோ? ஐயோ, நான் ஃபோனில நிண்டனான். அதான் ஆறுதலா வாங்கோ எண்டனான்."

பொய்யாவது சொல்லியிருக்கலாம். அக்கா தட்டை நீட்டினார். நான் எடுக்கவில்லை. அவரே ஒரு ரோல்ஸை என் கையில் வைத்தார்.

"வாற சனிக்கிழமை கடைக்கு வராதேங்கோ. எங்கட வீட்டுக்கு வாங்கோ."

"எதுக்கு அக்கா?"

"ஆறுதலுக்கு. இது உங்கட தமிழ்."

அழுதுகொண்டே சாப்பிட்டேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதினேன், ரொட்டிக்காரியைத் தூக்கில் போடவில்லை. வாசகர்கள் விடவில்லை. கயிறு அறுந்து அவள் மெதுவாக நடந்து வீடு போய்ச் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் மட்டும் அந்த வார்த்தையை யார் சொன்னாலும் "எந்தத் தமிழ்?" என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. மகள் பிறக்கப்போகிற அன்று வலி எடுத்ததும் குமார் பதறிப்போய் ஸ்டுட்கார்ட்டுக்குப் போன் போட்டார்.

"பயப்பிடாதேங்கோ, ஆறுதலா வாறன்" என்றார் அக்கா.

"அக்கா, ப்ளீஸ், எந்தத் தமிழ்?"

"உங்கட தமிழ். வெளிக்கிட்டிட்டன், காரில ஏறிட்டன்."

வழியெல்லாம் போக்குவரத்து நெரிசல். அவர் வந்து என் கையைப் பிடித்தபோது, மகள் பிறந்து, பால் குடித்து, தூங்கியும்விட்டாள். ஆக, அன்றைக்கு அக்கா இரண்டு தமிழிலும்தான் ஆறுதலாக வந்தார் என்று குமார் வருகிற விருந்தாளி எல்லாரிடமும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.