சான்று சாரும் மச்சான் தைலமும்

"இனிமேல் இந்த வீட்டில் சான்று இல்லாத ஒரு சொட்டு என் உடம்பில் படாது!"

இப்படி முழங்கிவிட்டு சான்று சார் நாற்காலியிலிருந்து கம்பீரமாக எழுந்தார். முழங்கால் 'கடக்' என்றது. கம்பீரத்தைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. உலகத்தில் எந்த மருந்து வேலை செய்கிறது, எது வேலை செய்வதாக நடிக்கிறது என்று ஆய்வு அறிக்கைகளை அலசித் தீர்ப்பு எழுதுவதுதான் அவர் உத்தியோகம். நூறு அறிக்கை வந்தால் தொண்ணூற்றைந்தைக் குப்பைக்கு அனுப்புவார். மீதி ஐந்துக்கு "மேலும் ஆய்வு தேவை" என்று எழுதுவார். சாப்பாடு எப்படி என்று மனைவி கேட்டால்கூட, "ஒரு வேளையை வைத்து முடிவு சொல்ல முடியாது" என்பார். முப்பது வருஷமாக அந்த அம்மாளும் முடிவுக்குக் காத்திருக்கிறாள்.

அன்றைய முழக்கத்துக்குக் காரணம் ஒரு தைலம். மனைவியின் அண்ணன், அதாவது சாரின் மச்சான், தன் கையால் காய்ச்சிக் கொடுத்தது. அதன் வாசனை தாங்காமல் சுவர்ப்பல்லி ஒன்று குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்துகொண்டு போயிற்று. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

"தைலம் வேண்டாம்னா தினம் கொஞ்சம் நடங்க" என்றாள் மனைவி.

"வலிக்கிற காலை வச்சுக்கிட்டு நடக்கறதா? நடக்கவும் மாட்டேன், உங்கண்ணன் தைலத்தைத் தடவவும் மாட்டேன்."

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"எதிர்ப்பேன்!"

எதிர்ப்பதோடு நிற்கவில்லை. ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இந்த வீட்டில் சான்று இல்லாத சிகிச்சை நடக்காது. சான்று இருந்தால் மறுபேச்சு கிடையாது.' கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

மனைவி அதை இரண்டு தரம் படித்தாள். "மறுபேச்சு கிடையாதுன்னா, உங்களுக்குமா?"

"யாருக்குமே!"

"சரிங்க. அப்ப எங்கண்ணன் தைலத்தைச் சோதிச்சுப் பாத்துடுங்க."

புலியை வேட்டைக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. உடனே சட்டதிட்டம் தயார். ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒன்றில் மச்சான் தைலம், மற்றதில் வெறும் எண்ணெய். எட்டு வாரம். எந்த வாரம் எது என்பது அவருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது.

"வாசனையிலேயே தெரிஞ்சுடுமே?"

"ரெண்டு மூக்குலயும் பஞ்சு வச்சுக்குவேன். தேச்சு அரை மணி கழிச்சு சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் எடுப்பேன்."

"பாட்டில் ரெண்டும் நம்ம அலமாரியிலயே இருக்கட்டுங்க."

"ஆகா! நீ மாத்தி வைக்கவா? வெளி ஆள்கிட்டதான் இருக்கணும்."

மனைவி யோசித்தாள். "எங்க வேணா வையுங்க. நாலாவது மாடி மருந்துக்கடைக்காரர் வீட்டுல மட்டும் வேண்டாம். லிஃப்ட் கிடையாது. அத்தனை படி ஏற உங்களால முடியாது."

கீழ்வீட்டுச் சான்று சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரால முடியாது? அங்கதான் வைக்கப் போறேன்!"

மருந்துக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்திருந்த மேல்மாடிக்காரருக்கு ஏகக் குஷி. அவருக்கும் அதே முழங்கால் வலிதான். நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதே ஒரு திருவிழா. ஒவ்வொரு வாரமும் பூவா தலையா போட்டுப் பாட்டிலைத் தேர்ந்தெடுத்து, அதைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டினார்.

காலையும் மாலையும் சார் ஏறிப்போய் அங்கேயே தேய்த்துக்கொண்டார்; துணைக்கு மேல்மாடிக்காரரும் தேய்த்துக்கொண்டார். முதல் வாரம் ஒவ்வொரு மாடியிலும் நின்று மச்சானைத் திட்டினார். வலிக்குத் தினமும் மார்க் போட்டார். பூஜ்யம் என்றால் மச்சான் ஊருக்குப் போய்விட்டான். பத்து என்றால் மச்சான் பெட்டியோடு வந்திருக்கிறான். முதல் நாள் எட்டு. மூக்கில் பஞ்சோடு அவர் பேசுவதைக் கேட்டு, மேல்மாடிக்காரர் மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

இறங்கி வந்தால் இங்கே மனைவி, "மூக்குக்கண்ணாடி எங்கங்க? மேலயே வச்சுட்டீங்களா?" என்பாள். மறுபடி ஏறுவார்.

எட்டாவது வாரம் முடிந்தது. மேல்மாடிக் கூடத்தில் நாலு பேரும் கூடினார்கள். உறைகளைக் கிழித்தார்கள். சார் கூட்டிக் கழித்து வகுத்தார். முகம் மலர்ந்தது.

"தைலம் போட்ட வாரங்களுக்கும் வெறும் எண்ணெய் வாரங்களுக்கும் துளி வித்தியாசம் இல்லை! உங்கண்ணன் தோத்தான்!"

"ஆமாங்க. தோத்துட்டான்" என்றாள் மனைவி.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் சார் கணக்கை இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தார்.

"ஆனா ஒரு சந்தேகம். முதல் நாள் வலி எட்டு. இன்னைக்கு?"

"ரெண்டு."

"எப்படிங்க குறைஞ்சுது?"

"சில வலி தானாவே குறையும். இதெல்லாம் உனக்குப் புரியாது."

"அப்ப இவருக்கும் தானா குறைஞ்சிருக்கணுமே? அதே பாட்டில், அதே நாள், அதே வேளை. இவரும் தேச்சுக்கிட்டாரு. அண்ணே, உங்க வலி எவ்வளவு?"

மேல்மாடிக்காரர் முழங்காலைத் தடவினார். "அன்னைக்கும் எட்டு, இன்னைக்கும் எட்டு. நான்தான் இடத்தைவிட்டு அசையலையேம்மா!"

அவர் மனைவி தினமும் குறித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். சார் மனைவி தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"மாடிக்குப் பதினெட்டு படி. நாலு மாடிக்கு எழுபத்திரண்டு. எட்டு வாரத்துல எட்டாயிரத்து அறுபத்து நாலு படி ஏறியிருக்கீங்க. மூக்குக்கண்ணாடிக்கு ஏறினது தனி."

சார் சிலிர்த்து எழுந்தார். முழங்கால் சத்தமே போடவில்லை, துரோகி. "ஒத்துக்க மாட்டேன்! ஏறினவன் ஒருத்தன், ஏறாதவர் ஒருத்தர். ரெண்டு பேரை வச்சுச் சான்றா? என் ஆபீசுல இதைக் கதவுகிட்டயே கிழிச்சுப் போடுவேன்!"

"கிழிப்பீங்கன்னு தெரியும்." கைப்பையிலிருந்து ஒரு தடித்த அறிக்கையை எடுத்தாள். "இதுல ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்காங்க. 'முழங்கால் தேய்மான வலிக்கு உடற்பயிற்சி பலன் தருகிறது, சான்று நம்பத்தக்கது.' எழுதினது யாருங்க?"

கையெழுத்து அவருடையது. மூன்று வருஷம் முன்னால் எழுதியது.

"இதை நீ படிச்சியா?"

"நான் மட்டும்தான் படிச்சேன். ரெண்டாயிரம் பேருக்குப் பலிச்சது உங்களுக்கும் பலிக்குமான்னுதான் பாக்க வேண்டியிருந்தது. நடங்கன்னு சொன்னா நடக்க மாட்டீங்க. ஏறாதீங்கன்னு சொன்னேன். நாளையிலிருந்து காலையில அரை மணி நேரம் நடை. கதவுல ஒட்டினது ஞாபகம் இருக்கா?"

மறுபேச்சு கிடையாது. எழுதினவர் செருப்பை மாட்டிக்கொண்டார். ஆனாலும் சிங்கம் சிங்கம்தானே? படியிறங்கும்போது கடைசியாக ஒருமுறை கர்ஜித்தது.

"நடக்கிறேன். ஆனா ஒண்ணு. இந்த ஆய்வை ஊர் அறிய எழுதப் போறது நான்தான். திட்டம் என்னுது, கால் என்னுது, பேரும் எனக்குத்தான்!"

"ஏழு வாரப் படிக்கணக்கை எழுதி உங்க ஆபீஸ் பத்திரிகைக்குப் போன வாரமே அனுப்பிட்டேங்க. போடறோம்னு பதிலும் வந்தாச்சு."

சார் படியிலேயே நின்றார். "என் பேரைப் போட்டிருக்கியா?"

"அது எப்படிங்க? நோயாளி பேரை வெளியிடக் கூடாதுன்னு விதி எழுதினதே நீங்கதானே!"