டேப்பைப் போட்டுச் சுத்தம் பண்ணுங்க

ஒன்றுமே தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய கேடு வருவதில்லை. அவனை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. நன்றாகத் தெரிந்தவன் எப்போதும் வேறெங்கோ வேலையாக இருப்பான். இருவருக்கும் நடுவில், கொஞ்சமாகத் தெரிந்தவன் ஒருவன் எல்லாக் குடும்பங்களிலும் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவசரத்துக்கு அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியை நான் வகித்தேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் யூனிக்ஸ் என்ற கணினி இயக்க முறையைப் படித்து முடித்திருந்தேன். சான்றிதழை அம்மா லேமினேட் செய்து சாமி படங்களின் வரிசையில் மாட்டியிருந்தார். அதில் என்னை ‘சிஸ்டம் நிர்வாகி’ என்று போட்டிருந்தது. நிர்வகிக்க என்னிடம் சிஸ்டம் எதுவும் இல்லை என்பதைச் செந்துறையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (பக்கத்து வூட்டுக்காரர் மட்டும் டிவி ரிப்பேர் பாப்பியான்னு கேட்டார். பாத்தேன். அந்த டிவியப் பத்தி இப்ப வேணாம்.)

என் அக்கா மலர்க்கொடி அப்போது பெரம்பலூர் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. அரியலூர்ப் பக்கம் ஓடைக்கரைகளிலும் பழைய சுண்ணாம்புக்கல் குழிகளிலும் கல்லாகிப்போன நத்தைகளும் சிப்பிகளும் கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததன் மிச்சம் அவை. எந்த நத்தை எந்த இடத்தில், எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, பழைய கடற்கரை எப்படி நகர்ந்தது என்று சொல்வதுதான் அவள் ஆய்வு. கல்லை அவள் அங்கிருந்து எடுப்பதில்லை, அளப்பாள். ஊரில் அவளுக்குக் ‘கல்லு பொறுக்குற பொண்ணு’ என்று பெயர். பொறுக்குவதில்லை என்று பலமுறை விளக்கியபிறகு அவளும் விட்டுவிட்டாள்.

அளவுகளை ஒரு சர்வே கருவி தானாகவே பதிவு செய்துகொள்ளும். அங்கிருந்து அவை துறையின் ஆய்வகத்தில் இருந்த யூனிக்ஸ் கணினிக்குப் போகும்; அடுத்த அளவுகளுக்காகக் கருவி காலியாகிவிடும். யாரோ பயன்படுத்திவிட்டுக் கல்லூரிக்கு நன்கொடையாகக் கொடுத்த கணினி அது. ஒரு நாள் அதன் ஹார்டு டிஸ்க் செத்துப்போனது. புது டிஸ்க் போட்டார்கள். அக்கா கவலைப்படவில்லை. எல்லாவற்றையும் ஒரு டேப்பில் பிரதி எடுத்து வைத்திருந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, பாட்டுக் கேட்கிற கேசட்டின் தங்கை மாதிரி ஒரு டேப். கணினியோடு இருந்த டேப் டிரைவில் அதைப் போட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

போட்டாள். பத்துப் பன்னிரண்டு கோப்புகளின் பெயர் வந்தது. பிறகு ‘வாசிப்பதில் பிழை’ என்று ஒரு வரி. மறுபடி போட்டாலும் அதே வரி.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பருவத்தோடு ஓய்வுபெறுவதாக இருந்தார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இன்னொருவரின் கீழ் ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திருச்சியில் இருந்த சர்வீஸ் இன்ஜினியர் சாதிக் சார் வேறு ஊர்களைச் சுற்றிவிட்டு வருவதாகச் சொன்னார். அக்கா பொறுமையில்லாமல், சாமி படங்களின் வரிசையில் என் சான்றிதழைப் பார்த்திருக்கிறாள்.

நான் இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். செந்துறையிலிருந்து அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். அந்தச் சாலையில் புளியமரம், வேலிக்கருவை, டீக்கடைப் பெஞ்சு எல்லாம் ஒரே வெளிர் நிறம். கல்லூரியின் ஆய்வகம் சாலையைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். மேசையில் விரலால் பெயர் எழுதலாம். எழுதியும் இருந்தார்கள். டேப் டிரைவின் வாய்க்குள்ளும் அதே வெள்ளை. இத்தனையையும் பார்த்தேன். இன்றைக்குப் பத்திரிகை வேலையில் இருக்கும் என்னிடம் இதை ஒரு நிருபர் எழுதிக் கொடுத்தால் முதல் பத்தியிலேயே காரணம் தெரிந்துவிடும். அன்றைக்குச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

டேப் டிரைவை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எங்கள் சென்டரில் டேப் பற்றிய பாடத்தை, பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டார்கள். இதை அக்காவிடம் சொல்லவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். கணினியை அணைத்துப் போட்டேன். டேப்பை எடுத்து ஊதினேன். (ஊதுறதுக்குச் சான்றிதழ் தேவையில்லன்னு இப்பத் தோணுது.) டிரைவில் ஒரு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கடுமையாக உழைக்கிறது என்று அக்காவிடம் விளக்கினேன். அது உதவி கேட்டுக்கொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்தது.

ஒரே ஒரு புத்திசாலித்தனமான காரியமும் செய்தேன். புதிய வெற்று டேப் ஒன்றைப் போட்டு அதில் எதையாவது எழுத முடிகிறதா என்று பார்த்தேன். ‘எழுதுவதில் பிழை’ என்று வந்தது. ஆக, அக்காவின் டேப்பையும் வாசிக்க முடியவில்லை, புது டேப்பிலும் எழுத முடியவில்லை. இரண்டு டேப்புக்கும் பொதுவானது டிரைவ். கோளாறு டிரைவில்தான், டேப்பில் இல்லை. இந்த முடிவுக்கு வர எல்லாம் மேசைமேல் இருந்தது. நான் வந்த முடிவு: புது டேப்பும் கெட்டுப்போனது.

பேராசிரியர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. அக்கா எழுந்தாள்.

“எதையும் நோண்டாதடா. சாதிக் சாருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுச் செய். நான் போயிட்டு வரேன்.”

கேட்டுவிட்டுத்தான் செய்தேன். எங்கள் வீட்டு விசாரணைகளில் என் தரப்பு வாதம் இன்றுவரை இது ஒன்றுதான்.

சாதிக் சார் பஸ்ஸில் இருந்தார். பின்னால் கண்டக்டர் யாரையோ உள்ளே போகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு பிழைகளையும் சொன்னேன். மஞ்சள் விளக்கையும் சொன்னேன். அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது.

“அவ்வளவுதாங்க தம்பி, ஒண்ணும் பயப்படாதீங்க. டேப்பப் போட்டு சுத்தம் பண்ணிட்டு, அப்புறம் படிங்க. வந்துரும் இன்ஷா அல்லா.”

டிரைவின் உள்ளே டேப்பைத் தொட்டு வாசிக்கும் ‘ஹெட்’ என்ற பாகத்தில் தூசு அடைத்திருக்கிறது. அதைத் துடைப்பதற்கென்றே ஒரு டேப் உண்டு. அது மேசை டிராயரில் இருந்தது. அந்த டேப்பைப் போட்டு, ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, அப்புறம் அக்காவின் டேப்பைப் போட்டுப் படி. அவர் சொன்னதன் பொருள் இது. எந்த டேப், எதைச் சுத்தம் செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. தமிழில் சொல்ல வேண்டியதில்லை. பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்ததை நம் மொழி தாராளமாக விழுங்கிவிடும். கேட்கிறவர் நானாக இருந்தால் என்ன ஆகும் என்று மொழி யோசிப்பதில்லை.

எங்கள் சென்டரில் வகுப்பு முடியும்போது சார், “எல்லாரும் சுத்தம் பண்ணிட்டு எந்திரிங்க” என்பார். அன்றைக்குப் பழகிய கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சுத்தம் அதுதான்.

அக்காவின் டேப்பைப் போட்டேன். அழிப்பதற்கான கட்டளையைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். அழித்துவிட்டால் அப்புறம் எதைப் படிப்பது என்ற கேள்வி எனக்கும் வந்தது. பிழைகளை மட்டும் அழிக்கும் போலிருக்கிறது என்று அதற்குச் சமாதானமும் வந்தது. கணினி மறுத்தது. இந்த டேப்பில் எழுதத் தடை இருக்கிறது என்றது. டேப்பின் முதுகில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. தவறி யாரும் அழித்துவிடக் கூடாது என்று அக்கா அதை நகர்த்தி வைத்திருந்தாள். ஆகா, இதுதான் கோளாறு என்று நகத்தால் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். டேப் சுழல ஆரம்பித்தது. சத்தம் இதமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஒரு பிழையோடு நின்றது.

அக்கா திரும்பி வந்தாள். ஆய்வேட்டைக் கொடுக்கப் பேராசிரியர் நாள் குறித்திருந்தார். முகத்தில் வெளிச்சம் இருந்தது.

“கேட்டியாடா?”

“கேட்டுட்டேன்க்கா. சுத்தம் பண்ணியாச்சு.”

“எத?”

இந்த ஒரு சொல்லை நான் போனில் கேட்டிருக்க வேண்டும். நான் டேப்பை நீட்டினேன். அவள் அதைத் திருப்பித் தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்த என் கட்டளையைப் பார்த்தாள். திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மேசைத் தூசியைக் கையால் ஒரு பக்கமாக ஒதுக்கத் தொடங்கினாள். மேசை முழுவதும் சுத்தமாகும்வரை ஒதுக்கினாள்.

சாதிக் சார் மறுநாள் வந்தார். டிராயரிலிருந்து அந்த இன்னொரு டேப்பை எடுத்துப் போட்டார். மஞ்சள் விளக்கு பச்சையானது. அக்காவின் டேப்பைப் போட்டார். டிரைவ் ஒரு பிழையும் இல்லாமல், மிகத் தெளிவாக, அதில் ஒன்றும் இல்லை என்று வாசித்தது. டேப்பின் பின்பாதியில் எண்கள் இன்னும் இருக்கத்தான் செய்யும், ஆனால் ‘இதோடு முடிந்தது’ என்று முன்னால் அடையாளம் விழுந்துவிட்டதால் டிரைவ் அதைத் தாண்டிப் போகாது என்றார். இருந்தும் இல்லை என்பதைக் கேட்டு அக்கா தலையாட்டினாள். அவர் என் பக்கம் திரும்பி, நான் டேப்பப் போட்டுன்னுதானே சொன்னேன் என்றார். நானும் டேப்பைத்தான் போட்டேன் என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் அளந்துவிடலாமே, நானும் கூட வருகிறேன், கருவியைத் தூக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே கல் லாரி ஒன்று போனது. அதைக் காட்டினாள்.

“எங்கடா போயி அளக்கறது? அந்தக் கரையெல்லாம் இதுலதான் போவுது.”

அவள் அளந்த இடங்களில் பாதியை அதற்குள் வெட்டி எடுத்திருந்தார்கள். ஓடைக்கரை இருந்த இடத்தில் குழி. குழியில் பச்சைத் தண்ணீர். கோடிக்கணக்கான வருஷம் கல்லுக்குள் இருந்துவிட்டு அந்த நத்தைகள் சிமென்டாகப் போய்விட்டன. அவை எங்கே இருந்தன என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை நான் நகத்தால் தள்ளித் திறந்து அழித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் சரியாகிவிட்டதா என்று அம்மா கேட்டார். “மிஷின் சரியாயிருச்சும்மா” என்றாள் அக்கா. அம்மா என் சான்றிதழைப் பெருமையாகப் பார்த்தார். அதை நானே ஆணியோடு கழற்றினேன்.

பேராசிரியர் ஓய்வுபெற்றார். அக்கா வேறொருவரின் கீழ் சேர்ந்து, மிச்சமிருந்த இடங்களை அளந்து, வட்டாரம் முழுவதற்கும் எழுத நினைத்ததை ஒரே ஓடைக்கு எழுதிப் பட்டம் வாங்கினாள். இப்போது அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அந்த ஓடைக்கு வடக்கே என்ன இருந்தது என்று மாணவர்கள் கேட்டால், என் தம்பியைத்தான் கேட்க வேண்டும் என்பாளாம்.

நான் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுத் திருச்சியில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தச் சேர்ந்தேன். பிறகு உதவி ஆசிரியரானேன். நிருபர்கள் எழுதி அனுப்பும் வாக்கியங்களில் ‘கைப்பற்றினர்’, ‘அகற்றினர்’ என்று மொட்டையாக இருந்தால் பக்கத்தில் ‘எதை?’ என்று எழுதுவேன். அலுவலகத்தில் எனக்கு ‘எதை சார்’ என்று பெயர். காரணம் யாருக்கும் தெரியாது. இலக்கண ஞானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் காரணம் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி, “அந்த அடுப்பு மேல இருக்கற பால் குண்டான, அடுப்புலேருந்து, கீழ எறக்கி வைங்க” என்று வகுப்பெடுப்பது போல் சொல்வாள். அக்கா இதற்கு நேர் எதிர். என்னிடம் பேசும்போது மட்டும் எழுவாய், செயப்படுபொருள் எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிடுவாள். ஒருமுறை போன் செய்து, “அம்மாவுக்கு எடுத்துட்டாங்கடா” என்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எதை என்று கேட்டதும், “பல்ல” என்றாள். பின்னால் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

போன மாதம் அலுவலகத்தில் இருந்தபோது அவளிடமிருந்து போனில் ஒரு சொல் வந்தது: ‘கெடச்சிருச்சு’.

எழுந்து நின்றுவிட்டேன். துறையை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், பழைய அலமாரிகளைக் காலி செய்கிறார்கள் என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாள். பேராசிரியர் அந்த டேப்புக்கு இன்னொரு பிரதி வைத்திருந்திருக்கலாம். வைத்திருந்திருப்பார். ‘எது, அக்கா?’ என்று அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று திரை காட்டியது. பதில் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒரு பக்கம் அச்சுக்குப் போகிறவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தது: ‘கேஸ் சிலிண்டர்’.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதை நினைத்து எழுந்து நின்றேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அதனால்தான் பதிலுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.