தாய்ப்பதிவும் சேய்ப்பதிவும்

சனிக்கிழமை பாத்திரம் தேய்ப்பது ஆத்மநாதனின் முறை. தேய்த்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி திலகவதி. ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு புத்தகத்துக்கும் அதற்குள் இருக்கும் கட்டுரைக்கும் உள்ள உறவை ஆத்மநாதன் சரிசெய்துகொண்டிருந்தார்.

இந்த இனத்துக்குப் பட்டியல் இழைப்பவர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்த ஊரிலும் கிடைப்பார். கல்லூரிகள் உள்ள ஊர் என்பதால் புதுக்கோட்டையில் சற்றுச் செழிப்பாகவே வளர்கிறார். அடையாளம் எளிது. எழுத வேண்டியது நான்கு பக்கம் மிச்சமிருக்கும். எழுதத் தேவையில்லாததெல்லாம் முடிந்திருக்கும்.

ஆத்மநாதனின் ஆய்வு, மாவட்டத்துக் கண்மாய்களைப் பற்றியது. ஏழாவது வருடம். ஐந்து இயல்களும் தயார், முடிவுரை மட்டும் பாக்கி. அது முடிந்தால் திலகவதி எம்.எட். சேரலாம். ஒரு வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும், மற்றவர் பிள்ளையையும் அடுப்பையும் பார்க்க வேண்டும், முதலில் அவர், பிறகு இவர் என்று அன்றைக்கே பேசிவைத்தது. எம்.எட். விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணி கடைசி. போன வருடமும் ஒரு கடைசி நாள் இருந்தது. அதற்கு முந்தின வருடமும்.

முடிவுரை எழுத ஆத்மநாதன் உட்காரத்தான் செய்தார். உட்கார்ந்ததும் நூற்பட்டியல் கண்ணில் பட்டது. அவருடைய அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒரு வசதி உண்டு: ஒரு தொகுப்புநூலைத் தாய்ப்பதிவாக ஒருமுறை எழுதி, அதிலுள்ள கட்டுரைகளைச் சேய்ப்பதிவுகளாக்கி, இதன் தாய் இது என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், பதிப்பகம், ஊர், ஆண்டு எல்லாம் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். சாதாரண மனிதன் இதைக் கேட்டு, நல்லது என்று சொல்லி, வேலையைப் பார்ப்பான். இவர் விடுவாரா? பிள்ளைக்கு எது போக வேண்டும், எது போகக் கூடாது, ஒரு தொகுப்பில் எத்தனை கட்டுரை எடுத்தாண்டால் தாயும் பட்டியலில் தனியாக வந்து உட்கார வேண்டும், இரண்டா மூன்றா, உட்கார்ந்துவிட்டால் பிள்ளையின் வரியில் தாயின் முழுப் பெயர் வேண்டுமா, ‘காண்க’ என்று கைகாட்டினால் போதுமா என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி, விதிக்கு விலக்கு எழுதி, விலக்கைத் திருத்தி, கல்யாணப் பத்திரிகையில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்று முடிவெடுப்பவரின் கவலையோடு பதினோரு நாளை ஓட்டிவிட்டார்.

எட்டாம் நாள் விதியைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்துவிட்டதில், அறுபத்துமூன்று கட்டுரைகளும் சொந்தத் தலைப்பை இழந்து தாயின் தலைப்போடு வரிசையாக வந்து நின்றன. சரிசெய்ய மூன்று நாள். அந்த மூன்று நாளும் வீட்டில் அவரைப் போல் சந்தோஷமான ஆள் கிடையாது.

நாலு மணிக்குத் திலகவதி கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

“முடிவுரை எம்புட்டு ஆச்சுங்க?”

“தலைப்புப் போட்டாச்சு.”

“முடிவுரைங்கற தலைப்பா?”

“ஆமா. நடுவுல வர்ற மாதிரி வச்சிருக்கேன்.”

“அதுக்குக் கீழ?”

“கீழதான் எழுதணும். இங்கிட்டு வா, இதப் பாரேன். இந்தத் தொகுப்புல ரெண்டு கட்டுரை எடுத்திருக்கேன். அப்ப தாய் தனியா வரணுமா, வேணாமா?”

“ஒங்க கூட வேல பாக்குற ரெங்கராஜ் அண்ணன் எப்படிப் போட்டாங்க?”

“அவனா! எல்லாத்தையும் கையாலயே அடிச்சான்.”

“அவுங்க பட்டம் வாங்கி ரெண்டு வருசமாச்சு.”

“வாங்கட்டும். பட்டியல்ல மூணு எடத்துல புள்ளி இல்ல.”

இதைச் சொன்னபோது ஆத்மநாதனின் குரலில் பொறாமை இல்லை. உண்மையான இரக்கம் இருந்தது.

திலகவதி கைப்பேசியை எடுத்தார். நின்றபடியே நாலைந்து இடத்தில் தட்டினார், கட்டணமும் போனது.

“நான் அப்ளிகேசன் போட்டுட்டேங்க. ஒங்க முடிவுரைக்கு இனிமே காத்திருக்கல. காலேஜ் தொறந்ததும் சாயங்காலம் பாப்பாவையும் ராத்திரிச் சமையலையும் நீங்கதான் பாக்கணும். என்ன சொல்றீங்க?”

சிரிக்கிறீர்களா? மென்பொருளே தெரியாது, அதனால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். தேர்வுக்குப் படிக்கும் முன் மூன்று வண்ணத்தில் கால அட்டவணை போட்டவர் நீங்கள்தானே? மன்னிப்புக் கடிதத்துக்குத் தோதான பேனா தேடி, கடைசியில் கடிதமே எழுதாமல் விட்டவர்? போகட்டும், இதை வாசிக்க உட்காரும்போது எந்த வேலையைத் தள்ளிவைத்தீர்கள்? சற்று முன்னால் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்களே, என்ன அது?

எத்தனை கட்டுரைக்குத் தாய் தனியாக வர வேண்டும் என்ற விதியில் ஆத்மநாதன் இரண்டை அழித்து மூன்று என்று அடித்தார். பட்டியல் திரையில் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. திலகவதி அது பாதி ஓடும்வரை நின்று பார்த்துவிட்டு, அறையை விட்டு வெளியே போனார்.