வடக்குப் பார்க்கக் கூடாத அன்ரெனா

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த யுத்த நாட்களில் பயப்படாத தமிழர் ஒருவரும் இல்லை. ஆனாலும் பொறுங்கோ அங்கிளைப் போலப் பயப்பட இன்னொருவர் பிறந்துதான் வரவேண்டும். நாங்கள் ஜீப் சத்தம் கேட்டால் பயப்படுவோம். அவர் ஜீப் சத்தம் கேட்காவிட்டால் பயப்படுவார். "என்ன தம்பி, இண்டைக்கு ஒண்டையும் காணேல்லை?" என்று கேற்றடியில் நின்று காலி வீதிப் பக்கம் எட்டி எட்டிப் பார்ப்பார்.

எதைச் சொன்னாலும் "பொறுங்கோ" என்று தொடங்குவதால் அந்தப் பெயர். கொள்ளுப்பிட்டியில் ஒரு தேயிலைக் கொம்பனியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதென்றால் அதை ஈரச் சாக்கில் சுற்றித்தான் உடைப்பார், சத்தம் ஒழுங்கையைத் தாண்டக் கூடாது. பிறகு சாக்குக்குள் கைவிட்டுச் சிரட்டைத் துண்டு பொறுக்கிக்கொண்டே பிள்ளையாரிடம் மன்னிப்பும் கேட்பார். மழைக்குக் கறுப்புக் குடை பிடிக்க மாட்டார். மடக்கி வைத்திருந்தால் தூரத்துக்கு வேறெதுவோ போலத் தெரியுமாம். மனைவியின் பூப்போட்ட குடையோடுதான் சந்தைக்குப் போய்வருவார்.

இப்படிப்பட்டவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூன்று பெடியளுக்கு மொட்டைமாடி அறையை எப்படி வாடகைக்குக் கொடுத்தார் என்று கேட்பீர்கள். அவர் எங்கே கொடுத்தார்? கொடுத்தது அன்ரி. பிள்ளைகள் இல்லாத வீடு. படியில் யாராவது தடதடவென்று ஏறி இறங்கினால் போதும் என்று அவருக்கு ஆசை. அங்கிள் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். பிறகு அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போய், வாடகைக்கு இருப்பவர்கள் என்று பொலிஸில் பதிந்துவிட்டு வந்தார். நான், ரவி, குகன். மூவருக்கும் வேலையில்லை. வெளிநாடு போகக் காத்திருந்தோம். பதிவு இருந்தாலும் சந்தேகம் வந்தால் ஏற்றிக்கொண்டு போகிற காலம் அது. போனவர்களில் சிலர் நாலு நாளில் வந்தார்கள். சிலருடைய தாய்மார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கரைச்சல் கேபிளில் தொடங்கியது. கூரைக்குக் கூரை வயர் இழுத்து ஒழுங்கை முழுவதற்கும் இந்தியச் சனல்கள் காட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் வயரையெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஏதோ அனுமதிப் பிரச்சினை என்றார்கள். அன்ரி பார்த்துவந்த நாடகத்தில் கதாநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது எங்களுக்கெல்லாம் தெரிந்து, அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்த நேரம். அன்ரிக்கு இரண்டு நாள் சமையலில் உப்பு நிற்கவில்லை.

"ஒரு அன்ரெனா பூட்டுவம்" என்றார் அன்ரி.

"பொறுங்கோ" என்றார் அங்கிள். முகம் வெளுத்துவிட்டது.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அன்ரெனா பூட்டுகிற இடம் மொட்டைமாடி. அங்கே போக வேண்டுமென்றால் எங்கள் அறைக்குள்ளால்தான் போக வேண்டும். அன்ரெனாவைப் பார்த்து, செய்தி அனுப்புகிற கம்பியோ என்று யாருக்காவது சந்தேகம் வந்து மேலே ஏறினால் முதலில் அகப்படுவது நாங்கள். "அவளுக்கு நாடகம். எனக்கு இந்த மூண்டு தலையும்" என்று எங்களுக்கு முன்னாலேயே புலம்பினார்.

அன்ரியை எதிர்த்து அந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை. அங்கிள் எங்களையும் கூட்டிக்கொண்டு காலி வீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனார். பெரிய டிஷ் ஒன்றைக் காட்டினார் நானா. ராடார் என்று நினைப்பார்கள் என்று அங்கிள் இரண்டடி பின்னால் போனார். வீட்டுக்குள் வைக்கிற இரண்டு கொம்பு அன்ரெனா அவருக்குப் பிடித்துப்போயிற்று, ஆனால் அதில் இந்தியா வராது என்று நானா உண்மையைச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது மீன்முள்ளு மாதிரி நீளமானது. பூஸ்டரும் பூட்டி உயரத்தில் வைத்தால் கண்ணாடி மாதிரி வருமாம். அதிலும் நாலு வகை இருந்தது. அங்கிள் ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"நானா, இதுகளில பாக்க அப்பாவி மாதிரி இருக்கிறது எது?"

நானா எங்களைப் பார்த்தார். "டீவி பார்க்கிற சாமான் சேர் இது. மாப்புள பார்க்கிற மாதிரி குணம் கேக்கிறீங்களே."

அன்றைக்கு வாங்காமலே வந்துவிட்டோம். அடுத்து வந்த நாட்களில் அங்கிள் ஒழுங்கை ஒழுங்கையாக, தலையை வானத்துக்குத் தூக்கியபடி நடந்தார். இரண்டு தடவை சைக்கிளில் மோதுப்பட்டார். கடைசியில் ஓய்வுபெற்ற சிங்களப் பொலிஸ்காரர் ஒருவரின் வீட்டைக் கண்டுபிடித்தார். அவருடைய கூரையில் என்ன அன்ரெனா, என்ன உயரம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மனப்பாடமாக்கிக்கொண்டு போய் அதே மாதிரி ஒன்றை வாங்கி, அதே மாதிரிப் பூட்டுவித்தார். பொலிஸ்காரர் வீட்டில் இருக்கிற சாமானை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று அவருக்கு அன்று ஒரே நிம்மதி.

பூட்டி முடித்து ரி.வி.யைப் போட்டால், பொலிஸ்காரர் பார்க்கிற நிகழ்ச்சிகள்தான் வந்தன.

இந்தியா வர வேண்டுமென்றால் அன்ரெனா வடக்கைப் பார்க்க வேண்டும். "ஐயோ, வடக்கா? தமிழ் வீட்டுக் கூரையில வடக்கைப் பார்த்துக்கொண்டு ஒரு கம்பியா?" என்று அங்கிள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அன்ரி தண்ணீர் கொடுத்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவில் ஓர் ஒப்பந்தம் வந்தது. நாடகம் போகிற அரை மணித்தியாலம் மட்டும் அன்ரெனா வடக்கைப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் பொலிஸ்காரர் வீட்டு அன்ரெனா பார்க்கிற பக்கந்தான் பார்க்க வேண்டும்.

பின்னேரமானால் நாங்கள் மூவரும் மேலே ஏறிக் கம்பத்தைத் திருப்புவோம். அங்கிள் கேற்றடியில் காவல் நிற்பார். ஜீப் வந்தால் இருமுவார், நாங்கள் உடனே திருப்பிவிட வேண்டும். அவருக்குச் சந்தேகம் வராத வாகனம் எது? பேக்கரி வான் வந்தாலும் இருமுவார். கதாநாயகி அழத் தொடங்குகிற நேரம் பார்த்துப் படம் போய்விடும், கீழிருந்து அன்ரி கத்துவார். எதிர்வீட்டுச் சிங்கள நோனா இந்த மனிதரின் இருமலைக் கேட்டு இரக்கப்பட்டு, தினமும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிடத் தொடங்கினார். மறுத்தால் சந்தேகப்படுவார் என்று அங்கிள் முழுவதையும் குடித்தார்.

கல்யாண நாள் வந்தது. நாடகத்துக் கல்யாணந்தான். முதல் மனைவி மண்டபத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள். அன்று நல்ல காற்று, கம்பம் தானாகவே திரும்பிக்கொண்டிருந்ததால் மூவரும் அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றோம். "இப்ப கிளியரா அன்ரி?" என்று குகன் கத்தினான். "ஓம், அசையாதேங்கோ" என்று பதில் வந்தது. அந்த நேரம் பார்த்து, அதுவரை நாடகமே பார்க்காத மாதிரி நடித்துவந்த பொறுங்கோ அங்கிள், கேற்றை விட்டு உள்ளே போய் ரி.வி.க்கு முன்னால் இருந்துவிட்டார். முதல் மனைவி வந்தாளா இல்லையா என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஜீப் வந்தது. ஒருவரும் இருமவில்லை.

நாங்கள் பார்த்தபோது பொலிஸ் மொட்டைமாடியில் நின்றது. யாழ்ப்பாணத்துப் பெடியள் மூவர், யாழ்ப்பாணப் பக்கம் பார்க்கிற கம்பி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ரவிக்குக் கால் நடுங்கியதில் கம்பமும் நடுங்கியது. அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு எங்களைக் கீழே இறக்கினார்கள். ஜீப்பின் பின்கதவு திறந்தே இருந்தது.

பொலிஸ் பெரியவர் விறாந்தையில் நின்று அங்கிளிடம் சிங்களத்தில் கேட்டார். "இவர்கள் யார் உனக்கு?"

வாடகைக்கு இருப்பவர்கள் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கிளுக்கு ஒரு வில்லங்கமும் இல்லை, அப்படித்தானே பதிந்தும் இருக்கிறார். அப்படித்தான் சொல்லப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மகே புத்தாலா" என்றார். என்னுடைய மகன்மார்.

பெரியவர் மூன்று அட்டைகளையும் விரித்துப் பார்த்தார். மூன்றிலும் மூன்று தகப்பன் பெயர். "ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் பெயர் வேறு வேறாக இருக்கிறது?"

"தமிழ் ஆக்களின்ர வழக்கம் மாத்தயா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு தாத்தாவின் பெயரைச் சேர்ப்பது."

"மூன்று பேருக்கு மூன்று தாத்தாவா?"

"ஒருவர் சின்னத் தாத்தா."

எங்களிலும் ஒருவருடைய மூஞ்சி மற்றவருடையதைப் போல இல்லை. குகன் நல்ல கறுப்பு, நான் வெள்ளை, ரவி இரண்டுக்கும் இடையில் ஆறடி உயரம். பெரியவர் அன்ரி பக்கம் திரும்பினார். அன்ரிக்குத் தெரிந்த சிங்களமே மரக்கறி வாங்குகிற அளவுதான். "ஒவ் மாத்தயா, மகே" என்றார். ஆம் ஐயா, என்னுடையவை என்று சொல்லிவிட்டு எங்கள் மூவருக்கும் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

அந்த மனிதர் அதை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கிளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அட்டைகளைத் திருப்பித் தந்தார். கம்பத்தை உடனே கழற்றச் சொன்னார். ஜீப்பின் பின்கதவு சாத்தப்பட்டது, நாங்கள் வெளியே நின்றோம்.

அதற்குப் பிறகுதான் அங்கிளுக்கு நடுக்கம் பிடித்தது. பொலிஸுக்கே பொய் சொல்லிவிட்டேன், பதிவைப் பார்த்தால் என்னைத்தான் பிடிப்பார்கள் என்று ஒரு மாதம் காற்சட்டையோடேயே படுத்தார். வந்து கூப்பிட்டால் சாரத்தோடு போகக் கூடாதல்லவா? ஒருவரும் வரவில்லை. நாங்கள் வெளிநாடு போகும்வரை அந்த வீட்டில் இந்தியா வரவுமில்லை. முதல் மனைவி மண்டபத்துக்குள் வந்தாளா என்பது அன்ரிக்குத் தெரியாமலே போயிற்று.

பல வருடங்கள் கழித்து, அங்கிள் போய்விட்டார் என்று அன்ரி போனில் சொன்னார். ரவி நோர்வேயிலிருந்தும், குகன் கனடாவிலிருந்தும், நான் லண்டனிலிருந்தும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே ரிக்கற் போட்டிருந்தோம். கனத்தை மயானத்தில் ஐயர் அன்ரியிடம், கொள்ளி வைக்கப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

"மூண்டு பேர் இருக்கினம்" என்றார் அன்ரி.

மூத்தவரை வரச் சொன்னார் ஐயர். மூன்று பேரும் முன்னுக்குப் போனோம்.