வெர்னனின் நீலப் படுதா

அக்டோபர் பிறந்தால் எங்கள் ஆரெகன் பள்ளத்தாக்கில் ஒரு தனி இனம் தலைகாட்டும். செடிக்காவலர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். மற்ற மாதங்களில் இவர் மரக்கடை மேனேஜராகவோ, ஓய்வுபெற்ற தபால்காரராகவோ சாதுவாகத்தான் திரிவார். வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னதும் சொன்னது, பரீட்சைக்குப் போகும் நான்கு பிள்ளைகளைப் பெற்றவரின் முகம் இவருக்கு வந்துவிட்டது.

செடி ஆளுயரம் வளர்ந்து, மொட்டுகள் கொழுத்துத் திரண்டு, இதோ அறுக்கலாம் என்னும்போதுதான் எங்கள் ஊர் மழையும் வரும். மழைகூடப் பரவாயில்லை. அது விட்டுப்போகிற ஈரம் இருக்கிறதே, அது மொட்டுக்குள் புகுந்து சாம்பல் பூஞ்சையாகக் குடியேறிவிடும். வெளியே பச்சைப்பசேல், விரலால் பிரித்தால் உள்ளே அழுகல். ஆறு மாத உழைப்பு குப்பைக்குப் போகும்.

இவ்வளவும் தெரிந்தவர் என்ன செய்வார்? மழைக்கு முன் அறுத்துவிடுவாரா? அதுதான் கிடையாது. காப்பாற்றுவார்!

என் வேலிக்கு அடுத்த வீட்டு வெர்னன் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. காலை ஆறரைக்கு உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் எந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, செடிமேல் நின்ற பனித்துளிகளை ஊதி விரட்டி, கூடவே தெருவையும் எழுப்பி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து மொட்டுக்கு மொட்டு குசலம் விசாரித்து, கைபேசியில் மூன்று வானிலைக் கணிப்புகளைப் படித்து, மூன்றில் எது தனக்குச் சாதகமோ அதை மட்டும் நம்பி, பிறகுதான் காபி குடிக்கப் போவார். காபி ஆறிப்போயிருக்கும்.

அவர் மனைவி லோரீனுக்கு விரல் மூட்டெல்லாம் வலி. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர். இந்த மொட்டுகளை எண்ணெயில் காய்ச்சித் தைலம் செய்து தடவிக்கொண்டால்தான் குளிர்காலத்தில் விரல் மடங்குகிறது என்பார். அவருக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

"அறுத்துடலாமே வெர்ன். வெள்ளிக்கிழமை மழையாம்."

"இன்னும் மூணு நாள். மொட்டு மேல இருக்கற பிசின் தேன் நிறத்துக்கு வரணும்."

"போன வாரமும் இதே மூணு நாள்தான் சொன்ன."

"அது வேற மூணு நாள்."

வியாழனன்று நீலப் படுதா வந்தது. குழாய்களை நட்டு, மூன்று செடிகளின் மேல் படுதாவை இறக்கி, சுற்றிலும் கயிறு கட்டி, தரையோடு தரையாகச் செங்கல் வைத்து அமுக்கினார். நான்காவது செடி வேலியோரம் நின்ற சவலை. படுதா அதற்கு எட்டவில்லை.

"அது தேறாது, விடு" என்றார்.

"காத்து போக ஒரு பக்கமாவது திறந்து விடேன்" என்றேன்.

"கதவைத் திறந்து வெச்சுட்டுக் குடை பிடிக்கச் சொல்றியா? இருபத்தாறு வருஷம் தபால் கொண்டுபோனவன்யா நான். எந்த மழையிலயாவது உன் கடிதாசி நனைஞ்சிருக்கா?"

நனைந்ததில்லைதான். ஆனால் மூடிவைத்தால் செடிக்கு வியர்க்கும், கடிதத்துக்கு வியர்க்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டார்.

நான்கு நாள் விடாத மழை. படுதாவைத் திறந்தால் ஈரம் உள்ளே போய்விடும் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்கோட்டோடு தோட்டத்தில் நின்று, "ஒரு சொட்டு உள்ள போகல, தெரியுமா!" என்று வேலிக்கு மேல் அறிவிப்பு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு. படுதாவைத் தூக்கியதும் இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி வந்தது. வெர்னன் தன் செல்லப் பிள்ளையின், அதாவது முதல் செடியின், ஆகப் பெரிய மொட்டைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. உள்ளே சாம்பல். அடுத்த செடியும் அப்படியே. மூன்றாவதைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை, நான்தான் பிரித்தேன்.

கேலி செய்யத்தான் போயிருந்தேன். ஆனால் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. லோரீன் தன் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு வேலியோரம் நடந்தார்.

மழை நனைக்க நனைக்கக் காற்று அடித்துக் காயவைத்திருந்தது அந்தச் சவலைச் செடியை. லோரீன் ஒரு மொட்டைப் பிரித்தார். பச்சை. இன்னொன்று. அதுவும் பச்சை.

"வெர்ன், கத்தரி எடுத்துட்டு வா."

"இன்னும் மூணு..."

லோரீன் திரும்பிப் பார்த்தார். கத்தரி வந்தது. அவர் விரலால் அதைப் பிடிக்க முடியாது; ஆகவே அவர் கிளையைத் தாங்க, வெர்னன் அறுத்தார். ஒரு குளிர்காலத்துக்கு அது காணுமா என்று நான் கேட்கவில்லை. ஜனவரி வரைக்கும் வரும் என்று லோரீனே சொன்னார்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரரிடம் வெர்னன் சொன்னது என் காதில் விழுந்தது: "அந்த நாலாவதை வேணும்னேதான் வெளிய விட்டேன். ஒரு சோதனைக்கு."

நல்லவேளை, நாம் இந்த இனமில்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு டிவி ரிமோட் இப்போதும் பாலிதீன் உறைக்குள்தானே இருக்கிறது? சோபாவுக்குக் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டீர்களா? நல்ல நாளுக்கு என்று பெட்டிக்குள் பூட்டிவைத்த பட்டுப்புடவையை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்களேன்.

இப்போது வேண்டாமா? இன்னும் மூன்று நாள் போகட்டுமா? சரி.