உல்லாசத்துக்கு ஒரு குட்டை

மனு எழுதுவதில் கடத்தூர்ச் சந்தை வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாதபோது என்ன செய்வது? இந்தச் சவுரியப்பன் எழுதிய மனுவைத் தள்ளுபடி செய்யவே சர்க்காருக்கு நாலு வருஷம் பிடிக்கும்!

முப்பத்தெட்டாம் வருஷம் எங்கள் ஊர் சென்னப்பன் என்னிடம் வந்தான். தன் பட்டா நிலத்தில் ஓடுகிற ஓடையை மறித்து, பெண்டாட்டி தங்கம்மாளோடு மண் சுமந்து, ஒரு சின்ன அணை போட்டிருந்தான். கோடை மழையில் குட்டை ரொம்பிவிட்டது. அதற்குக் கீழே ஒரு ஏக்கர் ராகி. அவன் வீட்டு அடுப்பில் அந்த வருஷம் களி வேக அதை விட்டால் வேறு வழியில்லை.

"அனுமதியில்லாம பாசன அணை போட்டா இடிச்சுப்புடுவாங்கன்னு கர்ணம் மெரட்டுறாருங்கண்ணா. ஒரு மனு எழுதிக் குடுங்க."

பாசனம் என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர் ஏரி மதகைச் செப்பனிடச் சொல்லி நான் எழுதிய மனு பதினோரு வருஷமாக மேஜைக்கு மேஜை க்ஷேத்திராடனம் போய்க்கொண்டிருந்தது. அந்த ஏரியின் கீழ் எனக்கும் அரை ஏக்கர் உண்டு.

ஆகவே யோசித்தேன். ஏற்காட்டில் துரைமார் படகு விடுகிறார்கள், நம் தாலுகாவில் ஓர் உல்லாச ஸ்தலம்கூட இல்லையே என்று உத்தியோகஸ்தர்கள் ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. "மேற்படி குட்டையானது மனுதாரரும் அவர் குடும்பத்தாரும் உல்லாசமாகப் பொழுது போக்குவதற்கேயன்றி வேறெதற்கும் அல்ல" என்று எழுதினேன்.

ஒன்பதே நாளில் அனுமதி வந்துவிட்டது. நிபந்தனை இரண்டு. ஒரு சொட்டுத் தண்ணீரும் பாசனத்துக்குப் போகக் கூடாது. உல்லாசம் முறையாக நடக்கிறதா என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வாரந்தோறும் நேரில் தணிக்கை செய்வார்.

"உல்லாசம்னா இன்னாங்கண்ணா?" என்றான் சென்னப்பன்.

"சும்மா இருக்கிறது."

"பகல்லயா?"

ஒகேனக்கல்லில் இருக்கும் சகலையிடம் ஒரு பழைய பரிசலை இரவல் வாங்கி வந்தான். அதில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, குட்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தான். ஆவணி பிறந்தும் மழை இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் ராகித்தாள் சுருண்டுகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியும் நோட்டுமாக வந்து கரையில் நின்றார்.

"என்னய்யா, சிரிப்பையே காணோம்?"

"ராகி வாடுதுங்க சாமி."

"ராகியைப் பத்தி மனுவில் ஒண்ணும் இல்லையே. நீர் உல்லாசமா இருக்கிறதாத்தான் இருக்கு. முகத்தைப் பார்த்தா எழவு வீடாட்டம் இருக்கு. பொய் மனுன்னு எழுதட்டுமா?"

"வேணாங்க சாமி! இதோ சிரிக்கிறேங்க."

சிரித்தான். எனக்கே பரிதாபமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார்: "உல்லாசம் உண்டு. தரம் சுமார்." அப்புறம் தண்ணீரில் வாயை வைத்த எருமையைப் பார்த்துவிட்டார்.

"அது எதுக்குக் குடிக்குது?"

"அதுக்கும் பொழுது போவலீங்க" என்றாள் தங்கம்மாள்.

அவர் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்க பேனாவை அடுப்புல வெய்யிங்கண்ணா! கண்ணெதிர தண்ணி நிக்குது, காலடியில பயிரு காயுது. மாரியம்மன் பண்டிகை முடிஞ்சா முறைக்காரங்க மேல மஞ்சத்தண்ணி ஊத்தறமே, அது உல்லாசந்தானே?"

"அது வருஷத்துக்கு ஒரு நாள்தானம்மா?"

"தெனமும் ஊத்தக் கூடாதுன்னு உத்தரவுல போட்டிருக்குதா?"

உத்தரவை இரண்டு தடவை படித்தேன். போடவில்லை.

மறுநாள் தங்கம்மாளும் அவளுடைய நாத்தனார்களும் குடத்தோடு குட்டையில் இறங்கினார்கள். குடத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள். மாமன் மச்சான் முறையுள்ள ஆண்களெல்லாம் பயந்தவர்கள் மாதிரி ராகிக்கொல்லைக்குள் ஓடினார்கள். நின்ற இடத்திலெல்லாம் தலையில் தண்ணீர் விழுந்தது.

"மாமா, வடக்கு மூலை காஞ்சு கெடக்குது, அங்க ஓடுங்க!" என்று கத்தினாள் தங்கம்மாள்.

அந்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்து வாயைப் பிளந்து பார்த்தார். "உல்லாசம் மிகுதி" என்று எழுதிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கரையில் வைத்தார்.

"என்னையும் ஒரு மாமனாட்டம் நெனச்சுக்குங்களேன்" என்றார்.

அடுத்த வாரம் ஆபீஸ் முழுவதும் துண்டோடு வந்தது. தாசில்தார் வந்தார். தென்கிழக்கு மூலை அத்தனையும் தலைமை குமாஸ்தா ஒருவராகவே நின்று நனைந்த இடம். சர்க்கார் எங்கள் ஊருக்கு அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

கார்த்திகையில் ராகி கொத்துக் கொத்தாகக் கதிர் தள்ளியது. சென்னப்பன் அன்றைக்குத்தான் நிஜமாகச் சிரித்தான். அதைக் குறித்துக்கொள்ள இன்ஸ்பெக்டர் இல்லை.

தை மாதம் ஓர் உத்தரவு வந்தது. "மேற்படி கொல்லைக்குச் சொட்டுத் தண்ணீரும் பாய்ச்சப்படவில்லை என்பதை நாமே வாரந்தோறும் நேரில் கண்டோம். ஆயினும் அமோக விளைச்சல் கண்டிருக்கிறது. ஆகவே இக்கிராமத்துப் பயிர்களுக்குத் தண்ணீர் தேவையில்லை என்பது ருசுவாகிறது. ஏரி மதகைச் செப்பனிடக் கோரும் மனு இத்துடன் தள்ளுபடி."

ஊரே திரண்டு என் வாசலுக்கு வந்தது. உதைக்கத்தான் வருகிறார்கள் என்று கதவைத் தாழிட்டேன். அவர்கள் வந்தது மனு எழுதிக்கொள்ள. ஆளுக்கு ஒரு குட்டை, உல்லாசத்துக்கு.

இன்றைக்கு சர்க்கார் பதிவில் எங்கள் ஊரில் குடியானவன் என்று ஒருவரும் கிடையாது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை எல்லாரும் இடுப்பு ஒடிய உல்லாசமாக இருக்கிறோம். என் அரை ஏக்கருக்கு நானும் ஒரு குட்டை வெட்டியிருக்கிறேன். மாதா கோயில்காரனுக்கு மஞ்சத்தண்ணி ஊற்ற முறைக்காரி யார் வருவாள்? நானே குடம் குடமாகத் தூக்கி என் தலையில் ஊற்றிக்கொண்டு கொல்லைக்குள் ஓடுகிறேன்.

போன வாரம் இன்ஸ்பெக்டர் வந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: "மனுதாரர் முகத்தில் சிரிப்புப் போதாது."