பொன்னுருக்கு வள்ளத்தைத் திருப்பிய பொதி

என் அண்ணனின் கலியாணத்துக்கான பொன்னுருக்கு நல்ல நேரத்தில் நடக்காததற்கு முழுக் காரணமும் நான்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து வருஷம் எடுத்தது. (ஊருக்கு அன்றைக்கே தெரியும்.)

அப்போது ஒரு திறந்த மூல இயங்குதளத்துக்குச் சம்பளமில்லாமல் பொதி, அதாவது கணினியில் நேரே நிறுவக்கூடிய மென்பொருள் கட்டு, கட்டிக் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். முதற்பொதியே கோப்புகளை மின்னல் வேகத்தில் சுருக்கி விரிக்கும் நிரல் நூலகம். அந்த இயங்குதளத்தின் மற்றப் பொதிகளையெல்லாம் விரிப்பதும் அதுதான். அது உடைந்தால் திருத்தம் அனுப்பியும் பயனில்லை, திருத்தத்தை விரிக்கவும் அதுவே வேண்டும்.

தாலிக்குப் பொன் உருக்கும் ஆசாரியாரை ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குக் கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது. மாப்பிள்ளையான அண்ணன் அங்கே வேட்டியோடு காத்திருந்தார். தீவில் சிக்னலை நம்ப ஏலாது என்று, பொதியை அனுப்ப ஊர்காவற்றுறை இறங்குதுறையிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். பரிசோதிக்க அரை மணித்தியாலம் வேண்டும். வள்ளக்கார அருளப்பு அண்ணை கயிற்றை இழுத்து இயந்திரத்தை இயக்கிவிட்டார். பரிசோதிக்காமலே அனுப்பிவிட்டு ஆசாரியாரோடு ஏறினேன்.

நடுக்கடலில்தான் நினைவு வந்தது. கோப்புப் பட்டியலில் புதிய பதிப்பின் பெயரைப் போடவில்லை! பழைய நூலகம் அழியும், புதியது வராது. சிக்னலும் இல்லை. இரண்டு கையாலும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் கணினிகள் என்னால் செத்துக்கொண்டிருந்தன.

"என்ன தம்பி, தீவுப் பொடியன், கடலுக்குப் பயமோ?" என்றார் அருளப்பு அண்ணை.

"இல்லை அண்ணை. நான் விட்ட பிழையால கனபேற்ற கம்பியூட்டர் எழும்பாது."

"ஆஸ்பத்திரியளிலயும் அதைப் பாவிப்பினமோ?"

"ஓம்... பாவிப்பினம்."

"மாதாவே!" சிலுவை போட்டுக்கொண்டு வள்ளத்தைத் திருப்பினார்.

"நேரம் போகுது, நேரம் போகுது!" என்று ஆசாரியார் கத்தினார். யார் கேட்டது? எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்கள் வரிசையாகத் தெரிந்தன.

ஊர்காவற்றுறை கிட்டவரச் சிக்னல் வந்தது. ஒரேயொரு மின்னஞ்சல். புதியவர்களின் பொதியை மூத்தவர் ஒருவர் பார்க்காமல் வெளியே விடமாட்டார்களாம். என்னுடையதைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். (அந்த விதியை நான் மூன்று தரம் வாசித்தவன். பயத்தில் ஒன்றும் நினைவில்லை.)

"எத்தினை பேருக்கு என்ன நடந்தது?" அருளப்பு அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை அண்ணை."

அவர் என்னைக் கடலில் தள்ளாதது அவருடைய பெருந்தன்மை. நாங்கள் அனலைதீவில் இறங்கியபோது நல்ல நேரம் எப்போதோ போயிருந்தது. பின்னேரம் வேறொரு நேரம் பார்த்துத்தான் பொன் உருக்கினார்கள். அண்ணன் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

அண்ணி கதைப்பா. கறியில் உப்புக் கூடினாலும், தண்ணி மோட்டர் பழுதானாலும் பிழை என்னில்தான் வந்து முடியும். போன மாதம் அவர்களுடைய மகள் பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் தோற்றுப்போய் அழுதுகொண்டு வந்தாள். நான் தேற்றப் போனேன்.

"அழாதை பிள்ளை," என்றா அண்ணி. "நீ நல்லாத்தான் பாடினனி. சித்தப்பா அண்டைக்கு வள்ளத்தைத் திருப்பிப்போட்டார்."